நின்றால் விழிப்பவர்

மாடி வீட்டுக்காரர் இரவு இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறார். விளக்கைப் போடுவதில்லை. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்து, மேஜைக் கடிகாரத்தின் பச்சை எண்களைப் பார்த்து, இருட்டிலேயே ‘2.10’ என்று குறித்துக்கொள்கிறார். பிறகு நடை. சமையலறைக்குப் போய் கேஸ் குமிழைத் தொட்டுப் பார்க்கிறார், மூடியிருக்கிறது. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைக்கிறார், ஓடுகிறது. குழாய் சொட்டவில்லை. வாசல் தாழ்ப்பாள் விழுந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிற வீட்டில் ஒரு மனிதனை யார் எழுப்பியது? அந்தக் கேள்வியோடு திரும்பி வந்து படுக்கிறார். மறுபடி 2.55. மறுபடி 3.40. அதற்குப் பிறகு படுப்பதில் அர்த்தமில்லை என்று ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, விடியலுக்காகக் காத்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் மாடியில் நடப்பது கீழே என் படுக்கையறைக் கூரையின் மேல்தான். முதல் சில மாதங்கள் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் படிக்கட்டில் பிடித்துக் கேட்டேவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எரிச்சல் போய்விட்டது. கண்ணுக்குக் கீழே இரண்டு பை. யாரோ இரவெல்லாம் உட்கார்ந்து சாம்பலைத் தேய்த்துவிட்ட மாதிரி.

“மன்னிச்சுக்குங்க. காலுக்குச் சாக்ஸ் போட்டுக்கிறேன்” என்றார். நோட்டு, கேஸ் குமிழ் எல்லாம் அப்போது அவரே சொன்னதுதான். அன்றிலிருந்து சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார்.

ஐஸ் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. எல்லோருக்கும் அவர் ‘ஆபரேட்டர்’. மனைவிகூட வெளியாட்களிடம் பேசும்போது “ஆபரேட்டர் குளிக்கிறார், உட்காருங்க” என்றுதான் சொல்வாள். இருபத்திரண்டு வருடம் இரவுப் பணி. ஒரு ஆள் உயரத்துக்கு நிற்கும் கம்ப்ரசர் இரவு முழுக்கக் கத்திக்கொண்டிருக்க, மணிக்கு ஒரு தடவை அழுத்தமும் வெப்பமும் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். நடுவில் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் யந்திரத்துக்கு மூன்றடி தள்ளி ஒரு பலகையில் படுத்துத் தூங்குவார்.

“அந்தச் சத்தத்துல எப்படித் தூக்கம் வரும்?” என்று கேட்டால் சிரிப்பார்.

“சத்தம் இருக்கிற வரைக்கும்தாங்க தூக்கம். சத்தம் நின்னா முழிப்பு வந்துடும். மெஷின் நின்னுடுச்சுன்னா தொட்டியில இருக்கிற ஐஸெல்லாம் ஒரு மணி நேரத்துல குழகுழன்னு ஆயிடும். அதனால காது தூங்காது. உடம்பு மட்டும்தான் தூங்கும்.”

இரவு வேலையில் இருந்த வரை இந்தக் காதைத் தொழிற்சாலையே மெச்சியது. கம்ப்ரசர் நின்றால், நின்ற சத்தம் அடங்கும் முன்னே ஆபரேட்டர் வால்வில் கை வைத்திருப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் சுவரில் ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். யந்திரம் நின்றால் அதுவே மணியடிக்கும், அதுவே மறுபடி ஓட்டும். ஆபரேட்டரைப் பகல் வேலைக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்த மனிதர் தினமும் இரவில் தன் வீட்டில், தன் மனைவி பக்கத்தில் படுத்தார். அன்று பிடித்ததுதான் இந்த விழிப்பு.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கூடவே வேலை பார்க்கும் பிட்டர், “சாயங்காலம் குடிக்கிற டீதாண்ணே. நாலு மணிக்கு மேல தொடாதீங்க” என்றான். மகள் செல்போன் மேல் பழி போட்டாள். மாப்பிள்ளை, “வயசாச்சுன்னா ராத்திரி ரெண்டு தடவை பாத்ரூம் போகத்தான் வேணும் மாமா, வெளியே சொல்றதில்லையே தவிர எல்லாருக்கும் இருக்கு” என்று தோளில் தட்டினார். முடிவெட்டுகிறவர் தலையணை உயரம் என்றார். நானும் என் பங்குக்குத் தெருவிளக்கைச் சொன்னேன்.

ஆபரேட்டர் யார் பேச்சையும் தள்ளவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யவும் மாட்டார். “ஒரே நேரத்துல ரெண்டு பார்ட்டை மாத்தினா எது கோளாறுன்னு எப்படிங்க தெரியும்?” வாரத்துக்கு ஒன்று. ஒரு வாரம் டீ இல்லை. அடுத்த வாரம் டீ உண்டு, எட்டு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை. அதற்கடுத்த வாரம் செல்போனைச் சமையலறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்தார். தலையணையை எடுத்தார், மடித்த போர்வையை வைத்தார். என் யோசனைக்காக ஜன்னலுக்கு இரட்டைத் துணியில் திரை போட்டார். மாற்றியதையும் விழித்த நேரத்தையும் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் எழுதினார். 2.10, 2.55, 3.40. டீ குடித்தாலும் அதேதான், குடிக்காவிட்டாலும் அதேதான்.

இதற்குள் பகல் வேலையில் உட்கார்ந்தால் தலை தொங்கியது. ஒரு நாள் ஏணியின் ஐந்தாவது படியில் நின்றபடியே கண் அயர்ந்திருக்கிறார். பிட்டர் கீழேயிருந்து காலைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, இறங்கிட்டுத் தூங்குங்க. மேல இடம் பத்தாது” என்று சொன்னானாம். சிரிப்பாகத்தான் சொன்னான். ஆனால் அன்று முதல் அவரை ஏணியில் ஏற விடுவதில்லை.

அந்த ஜன்னல் திரையைத் தைத்தது அவர் மனைவிதான். டெய்லரம்மா என்றால் தெருவில் தெரியாதவர் இல்லை. பள்ளிச் சீருடைகள் தைத்துத் தருகிறாள். அவளைப் பார்த்துத்தான் அத்தனை பேருக்கும் பொறாமை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். தையல் யந்திரத்தின் மீது தலை சாய்த்துத் தூங்குவாள், பஸ்ஸில் தூங்குவாள், நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேச்சில் கண் செருகும். “கொடுத்து வச்சவ” என்பார்கள். “புருஷனோட தூக்கத்தையும் சேர்த்து இவளே தூங்கிடுறா!” காலையில் எழும்போதே தலைவலி என்று நெற்றியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வாள், அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தூங்குகிறவளுக்கு என்ன குறை? அந்தத் திரைக்கு ஓரம் மடித்துத் தைக்கும்போது கண் அயர்ந்து, ஊசி ஆள்காட்டி விரலுக்குள் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. அதையும் கவனக்குறைவு என்றுதான் பேசினோம். நாமெல்லாம் எவ்வளவு எளிதாகப் பேசிவிடுகிறோம்!

மகள் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆபரேட்டர் மட்டும் மூன்று இரவு அங்கே போய்த் தங்கினார். போன இடத்தில் அடித்துப் போட்டாற்போல் தூங்கியிருக்கிறார். நோட்டில் மூன்று நாளுக்கும் ஒவ்வொரு கோடு. ஒரு நேரமும் இல்லை. பிட்டர் நோட்டைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “அண்ணே, கோளாறு கண்டுபிடிச்சாச்சு. அண்ணிக்குப் பயந்துதான் முழிக்கிறீங்க!”

ஆபரேட்டர் சிரிக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் தொழிற்சாலைக்கு ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நர்ஸ் வருவாள். அவளிடம் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“முழிச்சதும் முதல்ல என்ன சத்தம்ணே கேட்குது?”

“ஒண்ணும் கேட்காதும்மா.”

“ஒண்ணுமேவா? வீட்ல அண்ணி குறட்டை விடுவாங்களா?”

ஆபரேட்டர் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். ராணுவ ரகசியத்தைக் கேட்டதுபோல் குரலைத் தாழ்த்தினார். “விடுவா. ஆனா அதனால எனக்கு முழிப்பு வராதும்மா. நான் கம்ப்ரசர் பக்கத்துல தூங்கினவன். நான் முழிக்கிறப்போ அது... நின்னுடுச்சு...”

அந்த வார்த்தை அவர் வாயிலேயே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடம் இரவில் அலறியடித்துக்கொண்டு அவர் சொன்ன வார்த்தை. நின்னுடுச்சு.

நர்ஸ் நோட்டை மூடினாள். “அண்ணே, இது உங்க வியாதி இல்ல. அவங்களுக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குது. நின்னு நின்னு வருது. அவங்க தூங்குறதா நினைக்காதீங்க, ராத்திரி பூரா மூச்சுக்குப் போராடுறாங்க. அதான் பகல்ல விழுந்து விழுந்து தூங்குறாங்க. இப்படியே விட்டா இதயம் தாங்காது. ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி படுக்க வச்சுப் பார்ப்பாங்க. சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க.”

அன்று இரவு அவர் தூங்கவில்லை. கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குறட்டை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறி உச்சியில் நின்றது. பத்து. இருபது. முப்பது. முப்பத்தெட்டாவது நொடியில் அவள் உடம்பு தூக்கிப்போட்டது, தொண்டையில் ஒரு கேவல், மூச்சு திரும்பியது. இத்தனை நாளும் அவர் முழுதாக விழித்துக் கண்ணைக் கசக்குவதற்குள் அந்த மூச்சு மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அவர் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியதுதானே என்று யாரும் கேட்பார்கள். அதில்தான் சிக்கல். தான் குறட்டை விடுகிறோம் என்பதே டெய்லரம்மாவுக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில் ஒரு விசேஷ வீட்டில் பெண்களெல்லாம் ஒரே கூடத்தில் படுத்திருக்கிறார்கள். காலையில் நாத்தனார்கள் சேர்ந்து, “ராத்திரி லாரி வந்துச்சே, யாரும் பார்க்கலையா?” என்று இவளைக் கேலி செய்து கைகொட்டிச் சிரித்தார்கள். அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்று இரவு கேட்டாள்: “என்னங்க, நிஜத்தைச் சொல்லுங்க. நான் குறட்டை விடுறேனா?”

“சேச்சே! அவங்களுக்குப் பொறாமை. நீ பூனைக்குட்டி மாதிரில்ல தூங்குற” என்றார் அவர்.

அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எந்த வீட்டுக்குப் போனாலும் வேலை இருக்கிறது என்று பொழுதோடு அவளை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். மகள் ஆறு வயதில், வந்த விருந்தாளிகளிடம் “எங்கம்மா ராத்திரியில மெஷின் ஓட்டும்” என்று சொல்லிவிட்டாள். “தையல் மெஷினைச் சொல்றா” என்று அவர் முந்திக்கொண்டார். பிறகு மகளைத் தனியே அழைத்துச் சத்தியம் வாங்கினார். அந்தக் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம் அது ஒன்றுதான். அன்பினால் சொன்ன பொய், அன்பினாலேயே இருபத்தாறு வருடம் வளர்ந்து, இப்போது அவள் கழுத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

“அம்மா தூங்குறப்போ செல்போன்ல ரெக்கார்ட் பண்ணிப் போட்டுக் காட்டுங்கப்பா” என்றாள் மகள்.

“தூங்குறவளோட சத்தத்தைத் திருடி அவகிட்டயே போட்டுக் காட்டுறதா? அந்த நாத்தனாருங்க பண்ணினதுக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?” என்று அவர் மறுத்துவிட்டார்.

மூன்று நாள் தயங்கி, நான்காம் நாள் காலை டீயோடு சொன்னார். கீழ் வீட்டில் எனக்கே கேட்டது, அவள் போட்ட சத்தம்.

“அப்போ அவங்க சிரிச்சதெல்லாம் நிஜமா? இருபத்தாறு வருஷமா என்னை முட்டாளாக்கி வச்சிருந்தீங்களா?”

“அது இல்லம்மா இப்போ விஷயம். மூச்சு நிக்குது...”

“உங்களுக்குத் தூக்கம் வரலைன்னா என் மேல பழியா? நல்லா இருக்கு நியாயம்! இனிமே நான் அந்த ரூம்ல படுத்துக்கிறேன். நீங்க நிம்மதியா தூங்குங்க. லாரிச் சத்தம் கேட்காது!”

அன்று இரவே மகள் இருந்த அறைக்குப் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

அதன் பிறகு என் கூரைக்கு மேல் அந்தச் சாக்ஸ் நடைகூடக் கேட்கவில்லை. சரி, மனிதர் தூங்குகிறார் என்று நினைத்தேன். நான்காம் நாள் காலையில் பால் வாங்க வந்தவரைப் பார்த்துத் திடுக்கிட்டேன். நிற்கவே முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடது காது கதவின் கட்டையில் அழுந்தி, கன்றிச் சிவந்திருந்தது. நான்கு இரவுகளும் மூடிய கதவில் காதை வைத்து, வெளியே தரையில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“நான் நல்லாத் தூங்கட்டும்னுதான் அவ அந்த ரூமுக்குப் போனா” என்றார். “எனக்குத் தூங்கவே பயமா இருக்குங்க. மெஷின் நின்னா மறுபடி ஓட்டலாம்.” பால் பாத்திரத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டு படியேறினார்.

அன்று இரவு நடந்ததை டெய்லரம்மாவே பிறகு எனக்குச் சொன்னாள். அவள் தாழ்ப்பாள் போடப் போகும்போது அவர் கதவில் கை வைத்துத் தடுத்தாராம். சண்டை போடவில்லை. கெஞ்சவும் இல்லை. “ஒரு அஞ்சு நிமிஷம் கொடு. நான் படுக்கிறேன், நீ பக்கத்துல உட்காரு. அவ்வளவுதான்” என்று சொல்லி அவளுடைய பாயில் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்தார்.

“எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கேலி பண்றாரேன்னு. எழுந்து போயிடலாம்னு பார்த்தேன். சட்டுனு சத்தம் நின்னுச்சு.”

அவர் மூச்சை நிறுத்திவிட்டார். மார்பு அசையவில்லை. அவள் முதலில் முறைத்தாள். “போதும் நடிப்பு” என்றாள். பத்து எண்ணும் நேரம் போயிற்று. “என்னங்க?” இருபது. நெற்றி நரம்பு புடைத்தது. முகம் செக்கச் சிவந்தது. பாயின் ஓரத்தைக் கை பிராண்டியது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நான்கு இரவு கண் மூடாத உடம்பு. இருந்தும் மூச்சை விடவில்லை. “என்னங்க, மூச்சு விடுங்க! மூச்சு விடுங்கன்றேன்ல!” பனியனைப் பிடித்து உலுக்கினாள், மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். அழுதாள். முப்பத்தெட்டு எண்ணி முடித்த பிறகுதான் அவர் வாயைத் திறந்து காற்றை இழுத்தார்.

இருமி முடித்து, பேச வந்ததும் சொன்னார்: “ராத்திரிக்கு ராத்திரி இருபது தடவை பார்க்கிறேன் இதை. நீ ஒரு தடவைதான் பார்த்தே.”

அந்த அறையில் அன்று தாழ்ப்பாள் விழவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: “எந்த ஆஸ்பத்திரி?”

மகளுக்கு அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன். காலை எட்டு மணிக்கே வரிசை வாசல் வரை நின்றது. இருவரும் முன்னும் பின்னுமாக நகர்ந்தார்கள். அவள் நின்றபடியே இரண்டு முறை கண் அயர்ந்தாள். இரண்டு முறையும் அவர் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். அவர் கண் சொக்கியபோது தாங்க ஆளில்லை, சுவரில் சாய்ந்துகொண்டார். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் நோவைச் சொல்லிவிட்டுப் போனார்கள். வயிற்றுவலி, முட்டி வீக்கம், ஆறாத புண்.

சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே பை தொங்கும் அந்த முகத்தைப் பார்த்தால் அவர்தான் நோயாளி என்பதில் யார்தான் சந்தேகப்படுவார்கள்? ஆபரேட்டரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டே, “எத்தனை நாளா தூக்கமில்ல சார்?” என்றாள்.

“அவருக்கு இல்லம்மா” என்றாள் டெய்லரம்மா.

“அப்போ யாருக்கு?”

“எனக்கு.”

“என்ன தொந்தரவு?”

ஆபரேட்டர் குனிந்து, ஜன்னலின் சின்ன ஓட்டைக்கு அருகே வாயைக் கொண்டுபோய், குசுகுசுவென்று ஏதோ சொல்லப் போனார். அவள் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, பின்னால் வாசல் வரை நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“நான் குறட்டை விடுறேம்மா. பலமா விடுறேன். நடுவுல மூச்சு நின்னு போகுது.”

ஆபரேட்டர் சட்டென்று திரும்பினார். இரண்டு கைகளையும் லேசாக விரித்து அவளுக்குப் பின்னால் மறைப்பாக நின்றுகொண்டு, வரிசையில் யாராவது சிரிக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.